ஜப்பானிய ஆர்பிஜிக்குத் தீர்ப்பு எழுதுவது எப்படி?

வாழ்த்துகள்! நூறு மணி நேரம் ஓடும் ஜப்பானிய ஆர்பிஜி (ரோல்-பிளேயிங் கேம்) ஒன்றின் ரிவ்யூ காப்பி உங்கள் கைக்கு வந்துவிட்டது. எம்பார்கோ, அதாவது விமர்சனத்தை வெளியிடக் கூடாத கெடு, முடிய இன்னும் நான்கு நாள். கண்ணைக்கூட மூடாமல் ஆடினாலும் நான்கு மணி நேரம் இடிக்கிறது. கவலையை விடுங்கள். கேமை ஆடி முடித்துவிட்டு எழுதுவது புதியவர்கள் செய்கிற தப்பு. கீழே உள்ள படிகளை வரிசையாகச் செய்யுங்கள். இவற்றில் முக்கால்வாசியை நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். நான் நம்பர் போட்டுத் தருகிறேன், அவ்வளவுதான்.

1. மதிப்பெண்ணை முதலில் போடுங்கள்.

ஜப்பானில் ஃபாமிட்சு பத்திரிகை ஒரு கேமை நான்கு பேரிடம் கொடுக்கும். ஆளுக்குப் பத்து, ஆக மொத்தம் நாற்பது. 1998-இல் 'ஆக்கரினா ஆஃப் டைம்' வரும்வரை அங்கே நாற்பதுக்கு நாற்பது வாங்கிய கேமே கிடையாது. நாலு பேர் வேலையை நீங்கள் ஒருவராகச் செய்ய வேண்டியிருப்பதால் குறுக்கு வழி அவசியம். பெட்டியின் மேல் இருக்கும் பெயரைப் படியுங்கள். பெரிய தொடர் என்றால் 9. கேள்விப்படாத நிறுவனம் என்றால் 7. அளவுகோல் பத்து வரை இருக்கிறது என்பதற்காக எல்லா எண்ணையும் எடுத்துப் புழங்க வேண்டியதில்லை. ஐந்துக்குக் கீழே இருப்பவை அலங்காரத்துக்கு.

8-ஆ, 8.5-ஆ என்று தடுமாற்றம் வந்தால் அன்றைய மனநிலையிடம் பொறுப்பை ஒப்படையுங்கள். 2010-இல் வந்த அமெரிக்க ஆர்பிஜி 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' விமர்சன மதிப்பெண்களைச் சராசரி எடுக்கும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் 85 எடுத்திருந்தால், அதை உருவாக்கியவர்களுக்கு போனஸ் கிடைத்திருக்கும். 84-இல் நின்றுவிட்டது. அந்த ஒரு புள்ளியை யாரோ மதியச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவில் குறைத்திருக்கலாம். உங்களுக்கும் அப்படி ஒரு வாய்ப்பு வரும், நம்பிக்கையோடு இருங்கள்.

2. பத்து மணி நேரம் ஆடுங்கள். அதோடு நிறுத்துங்கள்.

'பெர்சோனா 5'-இல் மோர்கனா என்று ஒரு ஜீவன் வரும். தான் பூனையே இல்லை என்று சாதிக்கும் பூனை. இரவானால் போதும், போய்ப் படு என்று கதாநாயகனை விரட்டிக்கொண்டே இருக்கும். அதன் பேச்சைக் கேட்டு நீங்களும் போய்ப் படுங்கள்.

காலையில் எழுந்ததும் இப்படி எழுதுங்கள்: "முதல் இருபது மணி நேரத்தைத் தாண்டிவிட்டால் இந்த கேம் வேறோர் உயரத்துக்குப் போகிறது." நீங்கள் அந்த உயரத்தைப் பார்த்தீர்களா என்று சோதிக்க நினைப்பவர் முதலில் இருபது மணி நேரம் செலவழிக்க வேண்டும். அதற்குள் அடுத்த கேம் வந்துவிடும்.

3. முடிவைப் பற்றித் தைரியமாக எழுதுங்கள்.

இந்த வகைக் கேம்களுக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. ஊர் எல்லையில் ஸ்லைம் என்ற குட்டி அரக்கனை அடிப்பதில் தொடங்கி, பெரும்பாலும் கடவுளையோ கடவுள் என்று சொல்லிக்கொள்ளும் ஒன்றையோ அடிப்பதில் முடியும். ஆகவே "பிரமாண்டமான இறுதிக்கட்டம், ஆனால் கொஞ்சம் அவசரம்" என்று போட்டால் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பொருந்தும். இன்னும் பாதுகாப்பு வேண்டுமா? "ஸ்பாய்லர் தர விரும்பவில்லை" என்று ஒரு வரி. பார்க்காத முடிவைப் பெருந்தன்மையாக மாற்றித் தரும் வரி அது. வாசகர் நன்றி வேறு சொல்வார்.

4. சண்டை முறைக்கு இரண்டு பேனா வைத்துக்கொள்ளுங்கள்.

இதுதான் தொழிலின் உயிர்நாடி. நிதானமாகப் படியுங்கள்.

கேம் டர்ன்-பேஸ்டாக இருந்தால், அதாவது ஆளுக்கொரு முறை மாறி மாறி அடித்துக்கொண்டால், முதல் பேனாவை எடுங்கள். "காலம் மாறிவிட்டது, இவர்கள் மாறவில்லை." 2017-இல் வந்த 'டிராகன் குவெஸ்ட் XI' பற்றி இதை எழுதலாம். அந்தத் தொடர் 1986-இல் தொடங்கியது, யூஜி ஹோரியின் கையை விட்டு இன்றுவரை போகவில்லை என்ற தகவலைக் குற்றப்பத்திரிகை வாசிக்கும் தொனியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேம் டர்ன்-பேஸ்டாக இல்லாவிட்டால் இரண்டாவது பேனா. "வேரை மறந்துவிட்டார்கள்." 2023-இல் 'ஃபைனல் ஃபேன்டசி XVI' வந்தபோது, 'டெவில் மே க்ரை 5'-இல் வேலை பார்த்த ரியோட்டா சுசுகியை அழைத்து வந்து சண்டையை அமைத்திருந்தார்கள். வேகம், பாய்ச்சல், தீப்பொறி. உடனே எழுதுங்கள்: "நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இது ஃபைனல் ஃபேன்டசியா?" பத்து வருடமாக மாறச் சொன்னது நீங்கள்தான் என்பதை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

நடுவில் சிலர் குழப்பம் பண்ணுவார்கள். தெருச் சண்டைக்குப் பேர்போன 'யாகுசா' தொடர் 2020-இல் தலைகீழாகத் திரும்பி டர்ன்-பேஸ்டுக்கு வந்தது. டிராகன் குவெஸ்ட் பைத்தியமான அதன் நாயகன் இச்சிபான், தெருப் பொறுக்கிகளையே அரக்கர்களாகக் கற்பனை செய்துகொண்டு அடிக்கிறான். இதற்கு "துணிச்சல்" என்ற சொல்லைப் பயன்படுத்தி நழுவிவிடுங்கள்.

இனி முக்கியமான பாடம். 2025 ஏப்ரலில் 'கிளேர் ஒப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33' வந்தது. செய்தவர்கள் பிரான்ஸின் மோன்பெலியே நகரத்து சாண்ட்ஃபால் நிறுவனத்தார். ஃபைனல் ஃபேன்டசி மீதான காதலை இயக்குநர் கியோம் ப்ரோஷ் மறைத்ததே இல்லை. சண்டை டர்ன்-பேஸ்டு. எதிரி அடிக்கும் நொடியில் சரியாக பட்டனை அழுத்தினால் அடியைத் தடுக்கலாம். அருமையான கேம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த ஆண்டின் தி கேம் அவார்ட்ஸில் முதல் பரிசையும் அள்ளியது. நீங்கள் செய்ய வேண்டியது, "செத்துப்போன டர்ன்-பேஸ்டு முறைக்கு உயிர் கொடுத்த கேம்" என்று தலைப்புப் போடுவது.

உயிர் கொடுக்க வேண்டுமானால் முதலில் பிணம் வேண்டும் அல்லவா? அதனால் ஆறே மாதம் முன்பு, 2024 அக்டோபரில், அட்லஸ் நிறுவனத்தின் டர்ன்-பேஸ்டு கேமான 'மெட்டஃபர்: ரீஃபன்டாசியோ' வந்து அதே மேடையில் சிறந்த ஆர்பிஜி விருது வாங்கியதைச் சொல்லாதீர்கள். நேரம் பார்த்து பட்டன் அழுத்தும் வித்தை 1996-இலேயே 'சூப்பர் மாரியோ ஆர்பிஜி'யில் இருந்ததைச் சொல்லாதீர்கள். முக்கியமாக, போகிமான் என்ற பெயரை அந்தக் கட்டுரையில் எடுக்கவே எடுக்காதீர்கள். உலகத்தில் பாதிக் குழந்தைகள் இந்தச் செத்துப்போன முறையில்தான் தினமும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள் என்பது தெரிந்தால் தலைப்பு கெட்டுவிடும்.

5. 'ஜேஆர்பிஜி' என்ற சொல்லைத் திட்டுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதன்முதலில் அந்தப் பெயரைக் கேட்டபோது தங்களை ஒதுக்கிவைப்பதுபோல ஜப்பானியப் படைப்பாளிகள் சிலருக்குத் தோன்றியதாக, பதினாறாவது ஃபைனல் ஃபேன்டசியின் தயாரிப்பாளர் நவோகி யோஷிதா 2023-இல் ஒரு பேட்டியில் சொன்னார். அதற்காக இரண்டு நாள் வருத்தப்பட்டு எழுதுங்கள். மூன்றாம் நாள் பழையபடி தொடருங்கள்.

பயன்படுத்தும் விதி சுலபம். கேம் பிடிக்கவில்லை என்றால் "வழக்கமான ஜேஆர்பிஜி". பிடித்திருந்தால் வெறும் "ஆர்பிஜி". மிகவும் பிடித்துவிட்டால் "கலைப்படைப்பு". 2022-இல் வந்த 'எல்டன் ரிங்'கைச் செய்தது டோக்கியோவின் ஃப்ரம்சாஃப்ட்வேர். அது ஆர்பிஜி என்பதிலும் தகராறு இல்லை. இருந்தும் அதை ஜேஆர்பிஜி என்று எழுதிய விமர்சகரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், ஏனென்றால் எல்லாருக்கும் அது பிடித்துவிட்டது. மறுபக்கம், 'சீ ஆஃப் ஸ்டார்ஸ்' கனடாவின் கியூபெக்கில் செய்யப்பட்டது. அதை ஜேஆர்பிஜி என்று தாராளமாக எழுதுகிறார்கள். பாஸ்போர்ட் நீங்கள் கொடுப்பது. ஸ்கோரைப் பார்த்து முத்திரை குத்துங்கள்.

6. புரியாத எல்லாவற்றுக்கும் "ஜப்பானியத்தனம்" என்று பெயரிடுங்கள்.

'மெட்டஃபர்' சண்டைக் காட்சிகளில் ஒரு புத்த பிட்சு மூச்சுவிடாமல் ஓதுவார். ஷோஜி மெகுரோவின் இசை; கேட்டால் சிலிர்க்கும். "பழங்கால ஜப்பானிய மந்திரங்களின் மர்மம்" என்று எழுதிவிடுங்கள். அவர் ஓதுவது எஸ்பெராண்டோ. 1887-இல் வார்சாவில் இருந்த கண் மருத்துவர் ஒருவர் உட்கார்ந்து உண்டாக்கிய மொழி அது. அதனால் என்ன? ஓதுகிறவர் புத்த பிட்சு, உங்களுக்கு அது போதும்.

7. பழைய கேமைப் புதுப்பித்தால் எப்படிச் செய்தாலும் தவறு.

1997-இன் 'ஃபைனல் ஃபேன்டசி VII'-இல் மிட்கார் நகரம் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். 2020-இல் அந்தச் சில மணி நேரத்தையே ஒரு முழு கேமாக ஆக்கினார்கள். அடுத்த பாகம் 'ரீபர்த்' 2024-இல் இரண்டு டிஸ்க்கில் வந்தது. "ஜவ்வாக இழுக்கிறார்கள்" என்று எழுதுங்கள். அதே ஆண்டு 'டிராகன் குவெஸ்ட் III', 1988-இல் இருந்த கதையைப் பெரும்பாலும் அப்படியே வைத்து, படத்தை மினுக்கிக்கொண்டு வந்தது. "பழைய கள், புதிய மொந்தை" என்று எழுதுங்கள்.

எது சரியான அளவு என்று யாராவது கேட்டால், உங்களுக்குப் பதின்மூன்று வயதானபோது வந்த கேமைச் சொல்லுங்கள். ஒவ்வொரு தொடரின் உச்சமும் விமர்சகரின் பதின்மூன்றாம் வயதில்தான் நிகழ்கிறது. ஏன் என்று ஆராயாதீர்கள்.

'ரீபர்த்' பற்றி இன்னொரு குறிப்பு. சாட்லி என்ற பையன் ஓயாமல் கூப்பிட்டு அங்கே போ, இங்கே ஏறு என்று வேலை வாங்குவான். "இந்தச் சில்லறை வேலைகள் கதையின் வேகத்தைக் கெடுக்கின்றன" என்று கண்டியுங்கள். உலகம் அழியப்போகிற நேரத்தில் நீங்கள் குவீன்ஸ் பிளட் சீட்டாட்டத்தில் ஊர் ஊராக உட்கார்ந்திருந்ததைக் கட்டுரையில் சேர்க்காதீர்கள்.

8. பாஸிடம் தோற்றால் குறை கேமுடையது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். விமர்சனக் கலையின் முதல் ஆசிரியை அவள்தான். "சமநிலை சரியில்லை" என்று எழுதுங்கள். பிறகு ஈஸி மோடுக்கு மாற்றி, அதே பாஸை மூன்று அடியில் சாய்த்து, "சவாலே இல்லை" என்றும் எழுதுங்கள். இரண்டுக்கும் நடுவே நாலு பத்தி இடைவெளி இருக்கட்டும்.

9. நீண்ட தொடர் வந்தால் கரைத்துக் குடித்தவர்போல் பேசுங்கள்.

ஃபால்காம் நிறுவனத்தின் 'டிரெய்ல்ஸ்' 2004-இல் தொடங்கியது. பத்துக்கும் மேற்பட்ட கேம்கள், எல்லாம் ஒரே உலகம், ஒரே நீண்ட கதை. "முந்தையவற்றை ஆடாமல் இதைத் தொடாதீர்கள்" என்று வாசகரை மிரட்டுங்கள். நீங்கள் கதைச்சுருக்க வீடியோவை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, நடுவில் பால் வாங்கப் போனீர்கள். அந்த இடத்தில் செத்துப்போன பாத்திரத்தைக் கட்டுரையில் உயிரோடு விடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

10. பதின்ம வயதுப் பிள்ளைகள் உலகைக் காப்பாற்றுகிறார்கள் என்று ஒருமுறை அலுத்துக்கொள்ளுங்கள். எல்லா ரிவ்யூவிலும் வர வேண்டிய வரி இது. யோசிக்கத் தேவையில்லை, ஒட்டினால் போதும்.

11. பத்து வருடம் பொறுங்கள்.

இது ஓய்வூதியத் திட்டம். 'ஃபைனல் ஃபேன்டசி XIII' 2009-இல் ஜப்பானிலும் அடுத்த ஆண்டு மற்ற நாடுகளிலும் வெளியானபோது, ஒரே நேர் பாதை, திரும்ப இடமில்லை, பதினோராவது அத்தியாயத்தில் பல்ஸ் சமவெளி வரும்வரை வானம் திறக்கவில்லை என்று எல்லோரும் சேர்ந்து மொத்தினார்கள். இன்று அதே கேமின் சண்டை முறையையும் இசையையும் கொண்டாடி எழுதுகிறார்கள். இரண்டுமே 2009-இல் வட்டுக்குள்தான் இருந்தன.

ஆகவே இன்று 7 போட்ட கேமின் பெயரை ஒரு சீட்டில் குறித்து வையுங்கள். உரிய காலம் கழிந்ததும் எடுத்து, "அநியாயமாகத் திட்டு வாங்கிய மகத்தான படைப்பு" என்று எழுதுங்கள். திட்டியது யார் என்ற விவரத்துக்குள் போக வேண்டாம். "அன்றைய விமர்சகர்கள்" என்று பொதுவாகக் குறிப்பிடுங்கள். இந்தக் கட்டுரைக்கும் தனியாகப் பணம் உண்டு. கேமைத் திரும்ப ஆட வேண்டுமா என்று கேட்கிறீர்களா? மேலே இரண்டாம் படியைச் சரியாகப் படிக்கவில்லை போலிருக்கிறது.