குடையை விடுங்கள், குடகைப் பாருங்கள்

கேள்வி: நண்பனும் நானும் சனி, ஞாயிறில் முதுகுப்பையோடு ஏரியூர்ப் பக்கம் நடக்கலாம் என்றிருக்கிறோம். மழை மிரட்டுகிறது. போகலாமா?

பதில்: தாராளமாகப் போங்கள்! தலையில் விழும் மழை சட்டையைத்தான் நனைக்கும். நீங்கள் விசாரிக்க வேண்டியது காவிரி பிறக்கும் குடகில் பெய்யும் மழையை. அங்கே கொட்டினால், இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே காவிரி செந்நிறமாகப் பெருகி வரும். எனவே காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் எத்தனை ஆயிரம் கனஅடி நீர் வருகிறது என்று செய்தியில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நீர்வரத்து ஏறினால் ஒகேனக்கல்லில் பரிசலை நிறுத்திவிடுவார்கள். அன்றைக்குப் பரிசல்காரரிடம் கெஞ்ச வேண்டாம்; அவருக்கு ஆற்றைத் தெரியும்.

ஏரியூரிலிருந்து நாகமரைக்கு இறங்குங்கள். 1934-இல் கட்டி முடித்த மேட்டூர் அணையின் நீர்த்தேக்கம் அங்கே கடலாக விரியும். அக்கரை பண்ணவாடி, சேலம் மாவட்டம். அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி. நீர் நன்றாக வற்றும் கோடையில் பழைய நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் பண்ணவாடியில் தலைகாட்டும். மழைக்காலத்தில் இரண்டும் நீருக்கடியில். அணைக்காக ஊரை விட்டுப் பெயர்ந்தவர்களின் கோயில்கள் அவை. கரையில் கொஞ்சம் நின்று பாருங்கள்.

காட்டுப் பாதை மட்டும் வேண்டாம். யானை நடமாட்டம் உண்டு, வனத்துறை அனுமதியும் தேவை.

பைக்குள் உரமூட்டையின் உள்பை ஒன்றை விரித்து, அதற்குள் துணியை வைத்து, வாயை முறுக்கிக் கட்டுங்கள். சொட்டு இறங்காது. துண்டு மட்டும் இரண்டாக இருக்கட்டும். ஈரத் தலையோடு ஒரே துண்டுக்கு இழுபறி நடந்தால் எந்த நட்பும் தாங்காது!