மலைச்சிங்கத்துக்கு ஒரு வீடு

எங்கள் தெருமுனையில் ஒரு தேவாலயம் செத்துக் கிடக்கிறது. உயிரோடு இருந்தபோது எட்டிப் பார்க்காத சொந்தபந்தமெல்லாம் இப்போது மாரில் அடித்துக்கொண்டு வழிமறிக்கிறது. பாடையைத் தூக்க விடமாட்டார்களாம்.

சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவைச் சுற்றி முட்டி மோதிக்கொண்டிருக்கும் புறநகர்களில் எங்களுடையதும் ஒன்று. ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் பக்கத்து ஊர்கள் தப்பித்துக்கொள்ளும்.

சாவில் மர்மம் ஒன்றுமில்லை. தேவாலயத்திலோ பள்ளிவாசலிலோ யூதர் தொழுகைக்கூடத்திலோ உறுப்பினராக இருந்த அமெரிக்கர்கள் 1999-இல் நூற்றுக்கு 70 பேர், 2020-இல் 47 பேர் என்பது காலப் நிறுவனத்தின் கணக்கு. எங்கள் தெருக் கணக்கு இன்னும் மோசம். கடைசி ஈஸ்டர் ஆராதனைக்கு வந்தவர்கள் பதினொரு பேர். அதில் ஒருவர் ஆர்கன் வாசிப்பவர், அவருக்குச் சம்பளம். அதன் பிறகு பூட்டுதான். வாசலில் இருக்கும் அறிவிப்புப் பலகையில் ‘அனைவரும் வருக’ என்ற ஆங்கில வாசகம் இன்னும் தொங்குகிறது. இரண்டு எழுத்து உதிர்ந்துவிட்டது. பலகையைச் சுற்றிக் கம்பிவேலி போட்டிருக்கிறார்கள்.

மிச்சமிருந்த கிழவர் கிழவிகள் கூடி ஒரு தீர்மானம் போட்டார்கள். நிலத்தை விற்றுக் காசாக்க வேண்டாம், 48 குறைந்த வாடகை வீடுகள் கட்டக் கொடுத்துவிடுவோம் என்று. அன்றைக்குத்தான் ஊருக்குப் பக்தி வந்தது. மூன்றே நாளில் ‘நம் தேவாலயத்தைக் காப்போம்’ என்று புல்வெளிதோறும் பலகை முளைத்தது. அதே புல்வெளியில் ஏற்கெனவே ஊன்றிவைத்த இன்னொரு பலகையும் உண்டு: ‘வெறுப்புக்கு இங்கே வீடில்லை.’ வாஸ்தவம்தான். செவிலிக்கும் இல்லை, சமையல்காரருக்கும் இல்லை, வெறுப்புக்கு மட்டும் எப்படிக் கிடைக்கும்?

நகரமன்றத்தில் கூட்டம் போட்டார்கள். செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணி. பேச விரும்புகிறவர் அட்டை எழுதிக் கொடுத்தால் ஆளுக்கு இரண்டு நிமிடம். அன்று எழுபது அட்டை. முதலில் வந்த அம்மாள் மைக்கைப் பிடித்து, “மலிவு வாடகை வீடுகளுக்கு நான் எதிரியில்லை, ஆனால்...” என்று ஆரம்பித்தார். அடுத்தவரும் அதையே சொன்னார். எங்கள் ஊரே அந்த ‘ஆனாலு’க்குப் பின்னால்தான் குடியிருக்கிறது.

ஒருவருக்குப் போக்குவரத்து நெரிசல் பற்றிக் கவலை. ஞாயிறுதோறும் இருநூறு பேர் காரில் வந்துபோன காலத்தில் அவருக்கு அந்தக் கவலை வந்ததில்லை. கர்த்தரைப் பார்க்க வரும் காருக்குப் புகை கிடையாது போலும். இன்னொருவருக்கு நிழல். மூன்று மாடி எழும்பினால் நான்கு மணிக்கு மேல் தன் தக்காளிச் செடிக்கு வெயில் படாதாம். சிரிக்காதீர்கள். சான்பிரான்சிஸ்கோவின் மிஷன் தெருவில் ஒருவர் தன்னுடைய சலவைக்கடையை, காசு போட்டு நாமே துவைத்துக்கொள்கிற கடையை, இடித்துவிட்டு 75 வீடுகள் கட்டக் கேட்டு வருடக்கணக்கில் அலைந்தார். அந்தக் கடைக்கு வரலாற்றுச் சிறப்பு உண்டா என்று தனியாக ஓர் ஆய்வு நடந்தது. பக்கத்துப் பள்ளியின் விளையாட்டுத் திடலில் நிழல் விழுமே என்று 2018-இல் மேற்பார்வையாளர் மன்றம் அனுமதியை மறுபடியும் நிறுத்திவைத்தது. வாஷிங் மெஷினுக்கே தலபுராணம் கேட்கிறவர்கள் எங்கள் தேவாலய மணிக்கூண்டை விட்டுவிடுவார்களா?

நாலாவதாக வந்தவர் பார்க்கிங் பற்றிப் பேசினார். தேவாலயத்துக்குப் பின்னால் எண்பது கார் நிற்கும் தார்த்தளம் உண்டு. வெடிப்பெல்லாம் புல். அங்கே இப்போது ஒரு காரும் நிற்பதில்லை. பிள்ளைகளுக்கு ஓட்டப் பழக்கவும் நாய்க்குக் காலைக்கடன் கழிக்கவும்தான் ஊர் அதை வைத்திருக்கிறது. அந்த எண்பது வெற்று இடத்துக்காக ஒரு மனிதர் மைக் முன்னால் கண் கலங்கியதை நான் இந்தக் கண்ணால் பார்த்தேன்.

எல்லோரும் கடைசியில் வந்து இறங்கியது ‘ஊரின் குணம்’ என்ற சொல்லில். குணம் கெட்டுவிடும் என்கிறார்கள். சரி, குணத்தைக் கொஞ்சம் கிளறிப் பார்ப்போம். எங்கள் ஊர் இருக்கும் இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரு காலத்தில் ஆப்ரிகாட், பிளம் தோப்புகள். இரண்டாம் உலகப்போருக்குப் பின் அந்த மரங்களை வேரோடு பிடுங்கித்தான் இந்த வீடுகளை வரிசையாக நட்டார்கள். அன்று தோப்பின் குணம் பற்றி யாரும் அட்டை எழுதிக் கொடுக்கவில்லை. ஒரு மனைக்கு ஒரு வீடுதான் என்ற விதி முதலில் வந்தது எங்களுக்கு அக்கரையில் இருக்கும் பெர்க்லி நகரத்தில், 1916-இல். கறுப்பர் ஒருவர் நடத்திய நடனக்கூடம் எல்ம்வுட் பகுதிக்குள் வந்துவிடக் கூடாது என்பது அதன் பின்னணி. பத்து வருஷம் கழித்து, 1926-இல், யூக்ளிட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அடுக்குமாடி வீட்டை ஒட்டுண்ணி என்றே வர்ணித்துத் தீர்ப்பு எழுதிக் கொடுத்தது. இதுதான் குணத்தின் ஜாதகம். இன்று அதே சரக்கை மரம், நிழல், பாரம்பரியம் என்று பட்டுத்துணி சுற்றி விற்கிறார்கள்.

உண்மையில் அந்தக் கூட்டத்துக்கு வேலையே இல்லை. 2023 அக்டோபரில் ஆளுநர் கவின் நியூசம் கையெழுத்துப் போட்ட எஸ்.பி. 4 என்ற சட்டம் 2024 ஜனவரி முதல் கலிபோர்னியாவில் நடப்பில் இருக்கிறது. மத நிறுவனம் தன் சொந்த நிலத்தில் மலிவு வாடகை வீடுகள் கட்டினால், விதித்த நிபந்தனைகளுக்குள் இருக்கும்வரை, ஊர் மன்றம் குறுக்கே படுக்க முடியாது. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டெர்னர் மையம் கணக்குப் போட்டதில் இப்படிக் கட்டத்தக்க மத நிறுவன நிலம் மாநிலத்தில் 47,000 ஏக்கருக்கு மேல். ‘என் கொல்லையில் வேண்டாம்’ என்பவர்களுக்கு எதிராக ‘ஆண்டவர் கொல்லையில் ஆகட்டும்’ என்று ஓர் இயக்கமே நடக்கிறது. ஆண்டவர் சம்மதித்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்தான் பாக்கி.

சட்டம் கையை விட்டதும் விலங்குகளைத் தேடினார்கள். முன்னுதாரணம் இருக்கிறது. ஒரு மனையில் இரண்டு வீடு கட்டலாம் என்று மாநிலம் சொன்னபோது, 2022 தொடக்கத்தில், கோடீசுவரர்கள் வாழும் வுட்சைடு என்ற ஊர், ‘எங்கள் ஊர் முழுவதுமே மலைச்சிங்கத்தின் வாழிடம், ஆகவே முடியாது’ என்று அறிவித்தது. மாளிகை கட்டியபோது அந்தச் சிங்கம் எங்கே போயிருந்தது, நீச்சல்குளம் தோண்டியபோது அதனிடம் யார் அனுமதி வாங்கினார்கள் என்று கேட்கக் கூடாது. அட்டர்னி ஜெனரல் ஒரு கடிதம் எழுதினார். சிங்கம் வாலைச் சுருட்டிக்கொண்டது. எங்கள் ஊரில் சிங்கம் இல்லாத குறைக்கு, மணிக்கூண்டில் அபூர்வ வௌவால் ஏதாவது அகப்படுமா என்று இருவர் டார்ச் விளக்கோடு திரிகிறார்கள்.

பெரிய மனிதர்களின் லட்சணமும் இதுதான். ‘கட்டுவோம், நாம் ஏன் எதையும் கட்டுவதில்லை’ என்று 2020-இல் முழங்கிக் கட்டுரை எழுதியவர் முதலீட்டாளர் மார்க் ஆண்ட்ரீசன். 2022-இல் தன் ஏதர்டன் ஊரில் அடுக்கு வீடுகளுக்கு இடம் ஒதுக்கும் பேச்சு வந்தபோது அவரும் மனைவியும் எழுதியது வேறு மாதிரிக் கடிதம். அந்தத் திட்டங்களை உடனே நீக்குங்கள் என்று. கட்டலாம். செவ்வாய் கிரகத்தில் கட்டலாம்.

சரி, யாருக்குப் பயப்படுகிறார்கள்? 2023-இல் சான் மட்டேயோ வட்டாரத்தில் தனி ஆள் ஒருவரின் ஆண்டு வருமானம் 1,04,400 டாலருக்குள் இருந்தால் அவர் அரசுக் கணக்கில் ‘குறைந்த வருமானக்காரர்’. ஆக, வரப்போகிற கொள்ளைக்கூட்டம் யார் என்றால் பள்ளி ஆசிரியர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர், முதியோர் இல்லத்தில் நம் தாய் தகப்பனைக் குளிப்பாட்டுகிற பெண். பகலில் எங்கள் வீட்டுக்குள் விடலாம், இரவில் எங்கள் தெருவில் விடக் கூடாது. நம் கிராமங்களில் இதற்கு ஒரு பெயர் உண்டு. இங்கே அதை மண்டல விதி என்கிறார்கள்.

இனி நம்மவர்கள். ‘நம் தேவாலயத்தைக் காப்போம்’ என்று மன்றத்துக்குக் கொடுத்த மனுவைப் புரட்டினேன். நூற்றுச் சொச்சம் கையெழுத்தில் பதினெட்டுத் தமிழ்ப் பெயர். அதில் எட்டுப் பேரின் பிள்ளைகள் என் மகளோடு சேர்ந்து அ, ஆ எழுதிப் பழகியது இதே தேவாலயத்தின் பின்கூடத்தில்தான். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கு வேறு எவனும் இடம் தராதபோது அந்தக் கிழவர்கள் பேருக்கு ஒரு வாடகை வாங்கிக்கொண்டு சாவியைக் கையில் கொடுத்தார்கள். பொங்கலன்று பால் பொங்கி அடுப்பு நாறியதற்கும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர்களுடைய கடைசி ஆசைக்கு எதிராகத்தான் நாம் கையெழுத்துப் போட்டிருக்கிறோம், பேனா மூடியைக் கழற்றிச் சாவகாசமாக.

பதினெட்டில் ஒருவர் எனக்கு அண்ணன் மாதிரி. “என்னண்ணா, நீங்களுமா?” என்றேன். “தம்பி, உனக்குப் புரியாது. அபார்ட்மென்ட் ஜனம் வந்தா ஸ்கூல் ரேட்டிங் இறங்கும், வீட்டு விலை இறங்கும்” என்றார். அபார்ட்மென்ட் ஜனம்! 2003-இல் சன்னிவேலில் இரண்டு படுக்கையறை வீட்டில் ஐந்து பேர் படுத்துக் கிடந்தோமே, குத்தகைப் பத்திரத்தில் இரண்டு பேர் பெயரைப் போட்டுவிட்டு. மேனேஜர் வருகிறார் என்றால் மூன்று பேர் ரைஸ் குக்கரைத் தூக்கிக்கொண்டு காரில் போய் உட்கார்வோம். அண்ணன்தான் காவல் நிற்பார். அன்று நாங்கள் இறங்கிய தெருவின் ரேட்டிங் என்ன ஆயிற்றென்று அவர் கேட்டதில்லை. நானும் வீட்டுக்காரன்தான், விலை ஏறினால் எனக்கும் இனிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் ஏறி வந்த ஏணியை உதைப்பதற்குச் சுற்றுச்சூழல் என்று பெயர் வைக்கிற சாமர்த்தியம் எனக்கு இன்னும் கைவரவில்லை.

கூட்டம் முடியும்போது மணி பதினொன்றரை. முடிவை ஒத்திவைத்தார்கள், நிழல் பற்றி இன்னொரு ஆய்வு வேண்டுமாம். எல்லோரும் கலைந்த பிறகும் துடைப்பத்தோடு ஒருவர் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். மன்றத்தைக் கூட்டிப் பெருக்குகிறவர். நாங்கள் பேசி முடிக்காமல் அவர் நாற்காலியை நகர்த்த முடியாது. வீடு எங்கே என்று கேட்டேன். ஸ்டாக்டன் என்றார். ஆல்டமான்ட் கணவாய் தாண்டி, நூறு கிலோமீட்டருக்கு மேல். வார நடுவில் போய்வரக் கட்டுப்படியாகாமல் சில ராத்திரி காரிலேயே தூங்கிவிடுவாராம். எங்கே நிறுத்துவீர்கள் என்றேன்.

“சர்ச் பார்க்கிங்கில்தான்.”

அந்த எண்பது இடத்தில் ஒன்றே ஒன்று உபயோகத்தில் இருக்கிறது. நகரமன்றத்துக்கு அது தெரியாது, நானும் சொல்லவில்லை. சொன்னால் கேட் போட்டுவிடுவார்கள்.

அடுத்த கூட்டம் வருகிற செவ்வாய், மாலை ஏழு மணி. கையெழுத்துப் போட்ட பதினெட்டுப் பேரும் அவசியம் வாருங்கள். வரும்போது இந்த நாட்டில் நீங்கள் எடுத்த முதல் வீட்டின் குத்தகைப் பத்திரத்தைத் தேடிக் கொண்டுவாருங்கள். பத்திரத்தில் எத்தனை பேர், பாயில் எத்தனை பேர் என்று மைக்கில் வாசியுங்கள். இரண்டு நிமிடம் தாராளம்.