முதல் தடவை விரித்து எழுதுக

முறையான ஆங்கிலத்தில் சுருக்கப் பெயரைக் கையாள ஒரு விதிதான் முக்கியம். முதல் தடவை முழுப் பெயரை எழுது, பக்கத்தில் சுருக்கத்தைக் கொடு, அதற்குப் பிறகு சுருக்கத்தை வைத்து ஓட்டு. 1906 முதல் பதிப்பு கண்டுவரும் சிகாகோ எழுத்துநடைக் கையேடு, ஐந்தாறு தடவையாவது வராத பெயரைச் சுருக்கவே வேண்டாம் என்றுகூடச் சொல்கிறது. படிக்கிறவரைத் திண்டாட விடாதே என்பதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை. பாவம் சிகாகோக்காரர்கள், தில்லிச் செயலகத்தில் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை.

தில்லியில் சுருக்கம்தான் முதலில் பிறக்கும். பெயரைப் பிறகு தேடிக்கொள்வார்கள். 2015இல் பாரம்பரிய நகரங்களுக்கென்று ஒரு திட்டம் வந்தது. அதற்கு 'ஹ்ருதய்' என்று இதயத்தின் பெயரைச் சூட்ட யாருக்கோ ஆசை. 'ஹெரிட்டேஜ் சிட்டி டெவலப்மென்ட் அண்ட் ஆக்மென்டேஷன்' வரை ஆங்கிலத்திலேயே சமாளித்துவிட்டார்கள். கடைசி ஒய் எழுத்துக்கு ஆங்கிலம் கைவிரித்ததும் 'யோஜனா'வைப் பிடித்துவந்து உட்கார வைத்தார்கள். 'சிட்டி'யின் சி எங்கே? நகரத் திட்டத்தில் நகரத்தின் முதலெழுத்துக்கே இடமில்லை.

'பி.எம். ஸ்ரீ' பள்ளிகளின் கதை இன்னும் விசேஷம். 'ஸ்கூல்ஸ் ஃபார் ரைசிங் இந்தியா' என்பதை ஒழுங்காகச் சுருக்கினால் எஸ், ஆர், ஐ. ஸ்ரீயின் கம்பீரத்துக்கு ஓர் எச் குறைகிறது. 'ஸ்கூல்' என்ற சொல்லின் வயிற்றைக் கீறி உள்ளேயிருந்த எச்சை எடுத்துக்கொண்டார்கள். இந்தத் திட்டத்தில் கையெழுத்துப் போட மறுத்ததால்தான் 2024-25க்கான சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டது என்று தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. முதலில் பள்ளிக்கூடத்தின் எழுத்தை எடுத்தார்கள், அடுத்து பள்ளிக்கூடத்தின் பணத்தை.

இந்தக் கலை உச்சம் தொட்டது 2025 டிசம்பரில். 2005இல் பிறந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்தோடு 2009இல் மகாத்மா காந்தியின் பெயர் சேர்ந்தது. அதை ஓரங்கட்டிவிட்டு வந்த புதிய சட்டத்தின் பெயரை மூச்சுப் பிடித்துக்கொண்டு படியுங்கள்: 'விக்சித் பாரத் கேரண்டி ஃபார் ரோஸ்கார் அண்ட் ஆஜீவிகா மிஷன் கிராமின்'. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை இப்படிப் பாதி இந்தியும் பாதி ஆங்கிலமுமாக எழுதினால் டீச்சர் சிவப்பு மையால் அடித்துவிட்டு அப்பாவைக் கூட்டிவரச் சொல்வார். நாடாளுமன்றம் குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றியது. எதற்கு இவ்வளவு பாடு? நடுவில் 'ராம்' வர வேண்டும், இரண்டு பக்கமும் 'ஜி' நிற்க வேண்டும். காந்தி உயிர் பிரியும்போது சொன்னதாக நாமெல்லாம் படித்த பெயரை வைத்தே காந்தியை அனுப்பிவிட்டார்கள். கூலியை முழுதாக மத்திய அரசே தந்த காலம் போய், இனிப் பெரும்பாலான மாநிலங்கள் 40 சதவீதம் போட வேண்டும். அந்த நாற்பதுக்கு மட்டும் சுருக்கத்தில் ஓர் எழுத்தும் இல்லை.

மறைக்க வேண்டியதைச் சுருக்குவது இவர்கள் கண்டுபிடித்ததல்ல. மிசா, தடா, பொடா என்ற சட்டங்களெல்லாம் செல்லப் பெயர்கள்போல நாக்கில் உருளும். மிசாவில் உள்ளே போன லாலு பிரசாத் தன் மகளுக்கு அந்தப் பெயரையே வைத்தார். விசாரணையின்றி அடைக்கும் சட்டம் என்று முழுதாகச் சொல்லியிருந்தால் எந்தத் தொட்டிலில் அந்தப் பெயர் ஏறும்?

தமிழ்நாட்டு ஊர்களில் அந்த ஊரக வேலைக்கு எந்தச் சுருக்கமும் ஒட்டவில்லை. 'நூறு நாள் வேலை' என்றுதான் பெயர். பழைய சட்டத்தில் எத்தனை நாள், என்ன கிடைக்கும் என்பதெல்லாம் அதிலேயே இருந்தது. தில்லி அகராதியில் இது சேராது.

கூலி ஏறவில்லையே என்று ஒன்றிய அலுவலகத்துக்குப் போய்க் கேட்கும் அம்மாவுக்குக் கிடைக்கும் பதிலைக் கேளுங்கள். "எப்.டி.ஓ. ரிஜெக்ட் ஆயிருக்கும்மா. என்.பி.சி.ஐ. மேப்பிங் இல்ல. பேங்குல கே.ஒய்.சி. பாருங்க." வங்கியில் சொல்வது: "இங்க எல்லாம் சரியாத்தான் இருக்கு, பி.டி.ஓ. ஆபீஸ்லயே கேளுங்க." 'உங்கள் பணம் எங்கள் கணினியில் மாட்டிக்கொண்டது, எடுக்கத் தெரியவில்லை' என்று தமிழில் சொன்னால் வெட்கப்பட வேண்டியவர் யார் என்று எல்லோருக்கும் விளங்கிவிடும். நாலு எழுத்தாகச் சொன்னால் தப்பு அந்த அம்மாவின் தலையில் விழுகிறது. 2024 ஜனவரி 1 முதல் ஏ.பி.பி.எஸ். வழியாகத்தான் கூலி என்று கட்டாயமாக்கினீர்களே, அந்த நாலு எழுத்தை எந்த ஊர்ச் சாவடியில், எந்தத் தாளில் விரித்து எழுதினீர்கள்?

2005 சட்டம் தாமதத்துக்கும் விலை வைத்திருந்தது. பதினைந்து நாளுக்குள் கூலி வராவிட்டால், பதினாறாம் நாளுக்குப் பிறகு நாளொன்றுக்கு 0.05 சதவீதம் இழப்பீடு. தமிழ்நாட்டுக்கு 2025-26இல் நிர்ணயித்த கூலி 336 ரூபாய். ஆறு நாளைக்கு 2,016 ரூபாய். ஒரு நாள் பட்டினிக்கு அரசாங்கம் போட்ட கணக்கு ஒரு ரூபாய்ச் சொச்சம். அதற்கு டீக்கடையில் வெந்நீர்கூடத் தர மாட்டார்கள்.

கனம் அதிகாரிகளே, திட்டங்களுக்கு எந்தச் சாமி பெயரையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மனுஷியின் பணத்தை நிறுத்தும் தாளில் மட்டும் காரணத்தைத் தமிழில், சுருக்காமல் எழுதுங்கள். அடியில் இரண்டெழுத்து இனிஷியலைக் கிறுக்கிவிட்டு நழுவ வேண்டாம். நிறுத்தியவரின் முழுப் பெயரைப் போடுங்கள்.