பூனை மூளை சொன்ன அவசரச் செய்தி

கேள்வி: பக்கவாதம் வருவது நமக்கு. எலியையும் பூனையையும் ஸ்கேன் மெஷினுக்குள் படுக்கவைத்து என்ன கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

பதில்: கண்டுபிடித்தே விட்டார்கள்! 1990-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் மைக்கேல் மோஸ்லி குழுவினர், பூனையின் மூளைக்குப் போகும் முக்கிய ரத்தக்குழாய்களை அடைத்துவிட்டு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். வழக்கமான படத்தில் பாதிப்பு தெரிய இரண்டு மூன்று மணி நேரம் ஆனது. நீரின் அசைவை அளக்கும் 'டிஃப்யூஷன்' படமோ முக்கால் மணி நேரத்திலேயே காட்டிக்கொடுத்துவிட்டது. ரத்தம் நின்றதும் உப்பை வெளியேற்றும் செல்லின் பம்புகள் ஓய்ந்துபோகின்றன. தண்ணீர் உள்ளே புகுந்து செல் வீங்குகிறது. தேர்த்திருவிழா நெரிசலில் மாட்டிக்கொண்டவர் மாதிரி, நீர் நகர வழியின்றித் தவிக்கிறது. அந்த இடம் படத்தில் பளிச்சென்று தெரிகிறது. இன்று பக்கவாத நோயாளிகளுக்கு ஆஸ்பத்திரிகளில் எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது பார்ப்பது இதே படத்தைத்தான்.

முன்பெல்லாம் பாதிப்பின் ஒவ்வொரு கட்டத்தையும் பார்க்க ஒவ்வொரு எலியைக் கொல்ல வேண்டியிருந்தது. ஸ்கேன் இருந்தால் ஒரே எலியை வாரக்கணக்கில் தொடரலாம். எத்தனை உயிர்கள் மிச்சம்! எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

ஆனால், எலி மூளையில் நம் மூளையைப் போல மடிப்புகள் இல்லை. சோதனைக்கு வருபவை பெரும்பாலும் இளசுகள்; சர்க்கரை, ரத்தக்கொதிப்பு இல்லாதவை. எலிகளிடம் ஜெயித்த மருந்துகள் பல மனிதர்களிடம் தோற்றுப்போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

பக்கவாத அறிகுறியாக வாய் கோணினாலோ, கை துவண்டாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108-ஐ அழையுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவான கெடு நாலரை மணி நேரம்தான்.