தனி நாடு தொடங்கப் போறியாமே தம்பி?

டீக்கடையில நாலு பேரு கைதட்டுனதும் "நம்ம ஊரைப் பிரிச்சுத் தனி நாடாக்குறேன், நான்தான் அதிபர்"னு கிளம்பிட்டியாமே. நல்ல யோசனைடா தம்பி. ஊராட்சித் தேர்தல்ல நின்னா டெபாசிட் போயிடும். நாடு ஆரம்பிச்சா எதிர்த்து நிக்க ஆளே கிடையாது. ஆனா இந்தத் தொழில்ல உனக்கு முன்னாடியே ஒருத்தர் கொடி நட்டுட்டாரு. அவரு கதையைக் கேட்டுட்டு இறங்கு.

திருவண்ணாமலை ராஜசேகரன், நித்தியானந்தா ஆனாரு. பெங்களூர் பக்கம் பிடதியில ஆசிரமம். 2012 ஏப்ரல்ல மதுரை ஆதீனத்துக்கு 293-வது சன்னிதானம்னு முடி சூட்டுனாங்க. அக்டோபர்ல இறக்கிட்டாங்க. சம்பாப் பயிரு வயல்ல நிக்கிற காலம்தான் பட்டமும் நின்னுச்சு.

கர்நாடகத்துல பாலியல் வல்லுறவு வழக்கு நடந்துக்கிட்டு இருக்கையிலேயே ஆளு இந்தியாவை விட்டுப் போயிட்டாரு. 2019 டிசம்பர்ல பார்த்தா 'கைலாசா'ன்னு ஒரு நாடு! ஈக்வடார் கிட்ட தீவு வாங்கிட்டார்னு ஊரெல்லாம் பேச்சு. ஈக்வடார் அரசோ, "அடைக்கலமும் கொடுக்கலை, தீவு வாங்க ஒத்தாசையும் பண்ணலை"ன்னு கையை விரிச்சுடுச்சு. அதனால என்ன? 2020 பிள்ளையார் சதுர்த்திக்கு ரிசர்வ் வங்கி திறந்து நாணயம் வெளியிட்டாச்சு. கொடி இருக்கு, பாஸ்போர்ட் இருக்கு, பணம் இருக்கு. மண்ணு மட்டும்தான் பாக்கி.

வெள்ளைக்காரன் ஏமாற மாட்டான்னு நினைக்காதே. 2023 ஜனவரியில அமெரிக்காவுல நியூவார்க் நகராட்சி, கைலாசாவோட சகோதர நகர ஒப்பந்தம் போட்டுது. அப்படி ஒரு நாடே இல்லைன்னு தெரிஞ்சதும் ரத்து பண்ணிட்டு முழிச்சுது. அடுத்த மாசம் ஜெனிவாவுல ஐ.நா. குழுக் கூட்டத்துல கைலாசாக்காரங்க பேசுனாங்க. அந்தப் பேச்சைக் கணக்குல எடுக்க மாட்டோம்னு ஐ.நா. சொல்லிடுச்சு. அதே வருஷம் பராகுவேயில வேளாண் அமைச்சகத்து அதிகாரி ஒருத்தரு ஒப்பந்தத்துல கையெழுத்தைப் போட்டாரு, பதவியைப் பறிகொடுத்தாரு. பாரேன், இந்த நாட்டால வேலை போனவன்தான் கண்ணுக்குத் தெரியுறான்!

2025-ல பொலிவியா. காட்டுல வாழுற பழங்குடி மக்கள்கிட்ட நிலம் குத்தகைக்குக் கேட்டிருக்காங்க. 25 வருஷம்னு பேசுனோம், பத்திரத்துல ஆயிரம் வருஷம்னு இருந்துச்சுன்னு அந்த மக்களோட தலைவரு சொன்னாரு. பொலிவியா அரசு கைலாசாக்காரங்க 20 பேரைப் பிடிச்சு நாடு கடத்துச்சு. ஆயிரம் வருஷம்டா! இங்க கோயில் நிலத்துக் குத்தகையில ஒரு போகத்து நெல்லை அளக்கிறதுக்குள்ளயே நமக்கு முழி பிதுங்குது.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது நம்ம பக்கத்துச் சங்கதி. திருவாரூர், வேதாரண்யம் வட்டாரத்து மடங்களுக்கு நானே மடாதிபதின்னு நித்தியானந்தா உரிமை கேட்டாரு. அறநிலையத்துறை தக்காரைப் போட்டுடுச்சு. உடனே இவரு வக்கீல் வச்சு உயர் நீதிமன்றத்துல மனுப் போட்டாரு. மனு தள்ளுபடி. தனி நாட்டுக்கு அதிபரு, அவருக்கு வேதாரண்யத்து மடம் எதுக்குன்னு கேட்கக் கூடாது. இந்தியாவே வேண்டாம்னு போனவருக்கு இந்தியக் கோர்ட்டு எதுக்குன்னும் கேட்கக் கூடாது. பெரிய மனுஷங்க விஷயம்.

ஆனா உன்னைக் கேட்கலாம் இல்லையா? நாம கடைமடை. ஜூன் 12-ல மேட்டூர்ல ஷட்டரைத் தூக்குனா, கல்லணை தாண்டி வெண்ணாறு, வெட்டாறுன்னு பிரிஞ்சு வந்து, மிச்சம் இருந்தாத்தான் நம்ம மடை நனையும். அந்தக் காவிரித் தண்ணிக்கு 1990-ல நடுவர் மன்றம் அமைஞ்சுது. 2007-ல 192 டி.எம்.சி.ன்னு தீர்ப்பு. 2018 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் அதை 177.25-ஆக் குறைச்சுது. ஒரு மாநிலமே இத்தனை காலம் கோர்ட்டு வாசல்ல நின்னு வாங்குன தண்ணி அது. நீ தனி நாடாயிட்டா எந்த வாசல்ல போய் நிப்பே? மேட்டூருக்குத் தூதர் அனுப்புவியா? நம்ம நெல்லைக் கொள்முதல் நிலையத்துல யாரு எடுப்பா? சொந்த நாட்டு நெல்லுக்கே 17 சதம் ஈரப்பதம் தாண்டுனா மூட்டையைத் தள்ளி வைக்கிறான். அயல்நாட்டு நெல்லுன்னா கேட்கவே வேண்டாம்.

அதனால பிரகடனத்தை ஒரு வாரம் தள்ளிப் போடு. கைதட்டுன அந்த நாலு பேருகிட்ட ஆளுக்கொரு மண்வெட்டியைக் கொடுத்து, நம்ம கிளை வாய்க்கால்ல வெங்காயத்தாமரையை அள்ளச் சொல்லு. நாலு பேரும் வந்தா உன்னைத் தலைவன்னு நானே ஒத்துக்குறேன். வரலைன்னா, உன் நாட்டு ஜனத்தொகை ஒண்ணுதான்னு தெரிஞ்சுக்க.