லெவல் கேட்காத மைதானம்

கேள்வி: போக்கிமான் என்றாலே பிராணிகளைப் பிடித்து மோதவிடுவதுதானே? வேறென்ன இருக்கிறது அதில்?

பதில்: ஓட்டப்பந்தயம் இருக்கிறது! 2009-இல் நிண்டெண்டோ டிஎஸ் கருவிக்காக ஜப்பானில் வெளியான ‘ஹார்ட்கோல்ட்’, ‘சோல்சில்வர்’ ஆகிய இரண்டு போக்கிமான் வீடியோ கேம்களிலும் ‘போக்கியத்லான்’ என்று ஒரு விளையாட்டு விழாவே உண்டு. தடை தாண்டுதல், தொடர் ஓட்டம், பனிப்பந்து எறிதல் என மொத்தம் 10 போட்டிகள். வேகம், வலிமை, நுணுக்கம், தாக்குப்பிடித்தல், தாவல் என்ற ஐந்து பிரிவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மூன்று போக்கிமான்களோடு மூன்று போட்டிகளில் இறங்க வேண்டும். பொத்தான்களுக்கு விடுமுறை, தொடுதிரையில் ஸ்டைலஸ் குச்சிக்குத்தான் வேலை.

எனக்கு மிகவும் பிடித்தது, சண்டை போட்டுச் சேர்த்த லெவல் இங்கே செல்லாது என்பது. நேற்றுப் பிடித்த பொடியன்கூட 100-ஆம் லெவல் ஜாம்பவானை முந்தலாம். பலசாலிக்கு மட்டுமே இருந்த மேடையில், துள்ளுகிறவனுக்கும் தாவுகிறவனுக்கும் இடம் கிடைத்துவிட்டது.

இன்னொன்று: ஏப்ரிகார்ன் காய்களை அரைத்துப் போக்கிமானுக்குச் சாறு கொடுத்தால் ஆட்டத்திறன் கூடும். ஆனால் அந்தச் சாறு பதமாவது நீங்கள் விளையாட்டுக்குள் நடக்க நடக்கத்தான். வீரன் ஓட வேண்டுமென்றால் முதலில் பயிற்சியாளர் நடக்க வேண்டும். எல்லா மைதானங்களுக்கும் பொருந்துகிற பாடம் இது!