கலோரி சார்

நெய்வேலியில் முப்பது வருஷம் உழைத்துவிட்டு, வந்த பி.எஃப். பணத்தில் திருவதிகையில் வீடு கட்டிக் குடியேறுகிறவர்களில் ஒரு ரகம் உண்டு. கேட்டில் ‘நாய்கள் ஜாக்கிரதை’ என்று பலகை தொங்கும். பயந்துகொண்டே உள்ளே போனால், அத்தனை நாய்களும் சேர்ந்து ஐந்து கிலோ வெள்ளை உருண்டையாக ஓடிவந்து செருப்பைக் கவ்வும். பெயர் டாமி.

“ஒரிஜினல் பொமரேனியன்” என்பார் சார். நம்மூரில் அப்படிச் சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ்தான். 1994-இல் ‘ஹம் ஆப்கே ஹைன் கோன்’ படத்தில் டஃப்பியாக வந்து நாடெங்கும் புகழ் பெற்ற அதே இனம். இதைச் சாரிடம் சொன்னால் அன்றைக்குக் காபி கிடைக்காது.

அனல்மின் நிலையத்தில் இருந்தவர். நெய்வேலி லிக்னைட்டின் வெப்பத்திறன் கிலோவுக்கு 2,400 முதல் 2,900 கிலோகலோரி என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனால் அலமாரியில் இருக்கும் நாய்த் தீனியின் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்ததில்லை. அது கிலோவுக்கு 3,500-ஐத் தாண்டும். பூமியைத் தோண்டி எடுத்ததைவிட வீரியமான சரக்கைக் கைப்பிடி கைப்பிடியாக அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

அது மட்டுமா? காலையில் இட்லி, சாம்பார். சாம்பாரில் இருக்கும் வெங்காயம் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். புளியும் ஆபத்து. திராட்சையில் நாயின் சிறுநீரகத்தைக் கெடுப்பது டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று சொன்ன அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள், அதே அமிலம் நிறைந்த புளியைத் தின்று பாதிக்கப்பட்ட நாய்களைப் பற்றியும் 2022-இல் எழுதியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை பாயசத்தில் உலர்திராட்சை. பண்ருட்டிப் பக்கம் வீடு என்பதால் முந்திரிக்கும் பஞ்சமில்லை. அதில் நூறு கிராமுக்கு 40 கிராமுக்கு மேல் கொழுப்பு. நாயின் கணையம் இதைச் சுலபத்தில் மன்னிக்காது.

டாமிக்கு வாந்தி வந்தது.

அப்பரின் சூலை நோய் தீர்ந்த ஊரல்லவா? வீரட்டானேஸ்வரர் கோயில் திருநீற்றைச் சார் முதலில் டாமியின் நெற்றியில் பூசினார். மறுநாள் கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்.

“குழந்தை ஒண்ணுமே சாப்பிடறதில்ல டாக்டர்.”

“என்ன குடுக்கறீங்க?”

“பெடிகிரிதான்.” எந்தக் கம்பெனி பாக்கெட்டாக இருந்தாலும் அவருக்குப் பெடிகிரிதான்.

“என்னங்க, இட்லியைச் சொல்லுங்க” என்றார் அம்மா.

“இட்லி எல்லாம் சாப்பாடா? டிபன்!”

டாக்டர் பொறுமைசாலி. சிறிய நாய்க்குக் கிலோ கணக்கில் பார்த்தால் லாப்ரடாரைவிட அதிக ஆற்றல் தேவை. வயிறு மட்டும் சிறிசு. அதனால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துத் தர வேண்டும். சின்ன வாயில் பற்கள் நெருக்கியடித்து முளைப்பதால், சிறிய இனத்துக்கென்று வரும் பொடி உருண்டைகளே கடிக்கத் தோது. டாமிக்கு வயது மூன்று. பத்துப் பன்னிரண்டு மாதத்திலேயே நிறுத்தியிருக்க வேண்டிய குட்டித் தீனி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து கிலோ உடம்புக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 350 கிலோகலோரி போதும். நொறுக்குத்தீனி அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. மேரி பிஸ்கட் ஒன்றரையில் அந்தக் கோட்டா தீர்ந்துவிடும். சார் வாக்கிங் போகும்போது பையில் இருப்பது முழுப் பாக்கெட்.

கலோரி என்ற சொல் காதில் விழுந்ததும் சாருக்குப் பழைய உத்தியோகம் திரும்பி வந்துவிட்டது. நகைக்கடைத் தராசு போல ஒன்று வாங்கினார். நீளமான நோட்டில் கோடு போட்டு லாக் ஷீட் ஆரம்பித்தார். காலை ஆறு மணிக்கு முதல் ஷிப்ட், 30 கிராம். மதியம் இரண்டுக்கு இரண்டாம் ஷிப்ட், 30 கிராம். இரவு பத்துக்கு நைட் ஷிப்ட், 30 கிராம். ஒவ்வொன்றுக்கும் எதிரே கையெழுத்து.

ஒரு மாதம் கழித்து நிறுத்துப் பார்த்தால் டாமி 200 கிராம் கூடியிருந்தான். தராசைச் சந்தேகப்பட்டார். பாக்கெட்டைச் சந்தேகப்பட்டார். விசாரணைக் கமிஷனாக ஒருநாள் மாலை தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டு ஈஸிசேரில் சாய்ந்திருந்தார். சமையலறை வாசலில் அம்மா சூடான வாழைக்காய் பஜ்ஜியை ஊதி ஊதி, கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

“என்ன இது? எந்த ஷிப்ட் கணக்கு?” என்று சார் துள்ளி எழுந்தார்.

அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“இதெல்லாம் சாப்பாடாங்க? டிபன்!”